பராக்குக்காகப் பதினாலு ரூல்

பதினாலாவது ரூலை எழுதப் பலகையில் இடம் இல்லை. டான்ஸ் டீச்சர் சாக்பீஸும் கையுமாக முக்காலி மேல் நின்று, கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருந்த விரல்கடை இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"பொடி எழுத்தா எழுதேன்டி," என்றாள் அக்கா. ஸ்டுடியோவில் பாட்டைப் போடுவதும் நிறுத்துவதும் அக்காவின் வேலை. மீதி நேரத்தில் ஊசியால் ரிப்பனையும் வாயால் தங்கையையும் குத்துவாள்.

"பொடி எழுத்தை பராக்கு படிக்க மாட்டாக்கா."

"கொட்டை எழுத்துல இருக்கிற பதிமூணையும் மட்டும் படிச்சுட்டாளாக்கும்?"

"இன்னிக்கு ஒரு நாள் படிச்சாப் போதும். அஞ்சு மணிக்கு அரங்கத்து அம்மா வந்துடுவாங்க."

ஒன்பது வருஷமாக டீச்சர் காத்திருந்த நாள் அது. ஊரிலேயே பெரிய அரங்கம். அதன் ஆண்டு விழாவில் திரை விலகியதும் முதலில் ஆடப்போவது யார் என்று அந்த அம்மாதான் முடிவு செய்வார். எட்டு வருஷமும் படியேறிப் பார்த்துவிட்டு, "பார்ப்போம்" என்று சொல்லிப் போனார். எட்டு வருஷமும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் பதினோரு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். முதல் நாள் பத்துப் பேர் வந்து வரிசையில் நின்றார்கள். அரை மணி கழித்துக் கதவோரம் ஒன்று, தோளில் மாட்டிய பையோடு, சுவர் நிறைந்த கண்ணாடியைப் பார்த்து வாய் பிளந்து நின்றது.

"வர்றதே லேட்டு, இதுல பராக்கு வேறயா? வா உள்ள!" என்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினாள். அன்று அவளுக்குப் பராக்கு என்று பெயர் வந்தது. பலகைக்கு முதல் ரூல் வந்தது: நேரத்துக்கு வர வேண்டும்.

மறுநாளிலிருந்து நேரத்துக்கு வந்தாள். டீச்சர் முதுகைக் காட்டி நின்றபடியே கண்ணாடியில் தலைகளை எண்ணுவாள். பதினொன்று இருந்தால் ஆஜர் முடிந்தது, ஆட்டம் ஆரம்பம்.

ஆனால் பராக்கு கேள்வி கேட்பாள். "டீச்சர், மேகம் மாதிரி ஆடச் சொல்றீங்க. மேகத்துக்குக் கால் எங்க இருக்கு?" மற்ற பத்தும் குனிந்து காலைத் தேடும். அதனால் நாலாவது ரூல்: பேசக் கூடாது. அதன் பிறகு டீச்சரே கேட்டாலும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

தலையை இறுக்கிக் கொண்டை போட வேண்டும் என்று ஆறாவது ரூல். பராக்கு கொண்டையில் பென்சிலைச் செருகி வந்தாள். அழகாயிருக்கிறதே என்று மறுநாள் ஒருத்தி பல் தேய்க்கும் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டாள், இன்னொருத்தி கரண்டியை. கொண்டையில் எதையும் செருகக் கூடாது, ஏழு.

ஜன்னலைப் பார்க்கக் கூடாது, கண்ணாடியையே பார்க்க வேண்டும், ஒன்பது. பராக்கு கண்ணாடியையே பார்த்தாள். கண்ணாடிக்குள் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்குள் வானம். அவள் பார்வை போன வழியே பத்துத் தலைகளும் சாய்ந்தன. டீச்சர் ஓடிப்போய் ஜன்னலுக்கு வெள்ளைத் திரை மாட்டினாள். சாயங்காலக் காற்றில் திரை மெல்ல ஊதி, வயிறு நிறைந்து, மறுபடி ஒட்டி அடங்கியது. பராக்குவின் கை அதோடு எழுந்தது, அதோடு இறங்கியது. பத்து ஜோடிக் கைகளும் அப்படியே.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று டீச்சர் கத்தினாள். திரைக்கு எண்ணத் தெரியுமா?

"தூங்கறதுங்களா ஆடறதுங்களா?" என்றாள் அக்கா.

"எனக்கே கண்ணைச் சுத்துதுக்கா."

இது போதாதென்று, மாடியில் கணக்கு கிளாஸ் நடத்தும் மாஸ்டர் ஒரு நாள் படியிறங்கி வந்தார்.

"ஏம்மா, கீழ நீங்க குதிச்சா மேல என் பென்சில் டப்பா ஆடுது. பயந்துபோய் ஒரு பிள்ளை ஆறு வாரமா கிளாஸுக்கே வரல, தெரியுமா?"

"குதிச்சதுக்கா பயந்துடுச்சு?"

"பயம்னு எழுதுமா? கால் வலின்னு சீட்டு எழுதிப் படிக்கட்டுல வெச்சுட்டுப் போகுது. மாடி ஏற முடியலையாம்."

"ஐயோ பாவம்," என்று டீச்சர் நிஜமாகவே வருத்தப்பட்டாள். பதிமூன்றாவது ரூல் அந்தக் கால் வலிக்காரிக்காகப் பிறந்தது: காலில் சத்தம் வரக் கூடாது, எல்லோரும் கம்பளி சாக்ஸ் போட வேண்டும். சாக்ஸ் போட்டதும் பதினொன்றும் வழுக்கின. ஒரு அடி வைத்தால் மூன்று அடி போயின. இடித்துக்கொண்டு நடுவிலேயே நின்றன.

அதனால்தான் இப்போது பதினாலாவது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொடி எழுத்தில் எழுதி முடித்தாள்: என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது.

அஞ்சு மணி. அரங்கத்து அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியில் பதினோரு தலைகள். பாட்டு எழுந்தது. பிள்ளைகள் வழுக்கியபடி கிளம்பினார்கள்.

பாதியில் 'சட்' என்று ஒரு சத்தம். பாட்டு நின்றது.

கையில் கத்தரிக்கோலோடு அக்கா குனிந்து பார்த்தாள். அவள் வெட்டியது ரிப்பனை இல்லை, ஸ்பீக்கர் ஒயரை.

"அக்கா!" என்றாள் டீச்சர்.

"ரெண்டும் ஒரே கறுப்புடி..."

எல்லாம் போச்சு என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை, சண்டை, யாரோ தடாலென்று விழும் சத்தம், ஏதோ ஒன்று காதில் விழும் என்று காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தாள்.

பாட்டு நின்றது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் பேசக் கூடாது, நாலு. நிறுத்தக் கூடாது, பதினாலு. கண்ணாடிக்குள் வெள்ளைத் திரை ஊதி எழுந்தது. நடுவில் நின்ற பராக்கு அதைப் பார்த்தபடி கையைத் தூக்கினாள். பத்துப் பேரும் தூக்கினார்கள். சத்தமில்லாத கால்கள் தரையைத் தொடுகின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. சாயங்கால வெயில் அவர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்தது. காற்று அடங்கியபோது அவர்களும் அடங்கினார்கள். மேகத்துக்குக் கால் எங்கே என்று இப்போது யாரும் கேட்க வேண்டியதில்லை.

அரங்கத்து அம்மா நேரம் பார்க்க மறந்திருந்தார். மெல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாட்டே இல்லாம... எப்படிங்க பழக்கினீங்க?" என்றார்.

டீச்சரின் கை தானாகப் பலகையை நோக்கி நீண்டது. "எல்லாம் கட்டுப்பாடுதாங்க. பதினாலு ரூல். ஒண்ணுகூட மீற விட மாட்டேன்."

"அடியே!" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதல் ஆட்டம் உங்களுதுதான்," என்றார் அந்த அம்மா, ஒரு ஃபாரத்தை நீட்டியபடி. "ஆனா ஒண்ணு. நடுவுல நிக்கிற அந்தக் குழந்தை கட்டாயம் இருக்கணும். அவ இல்லைன்னா எனக்கு இந்த ஆட்டமே வேண்டாம்."

"அவ எங்கங்க போயிடப் போறா? ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல!" டீச்சர் ஓடிப்போய்ப் பராக்குவை அள்ளிக்கொண்டாள். ஒன்பது வருஷக் கனவு கொண்டை போட்டு, சாக்ஸ் மாட்டி, இடுப்பில் உட்கார்ந்திருந்தது. "என் தங்கமே, இந்த ஃபாரத்துல உன் முழுப் பேரையும் கிளாஸையும் நீயே எழுதும்மா. வாய் திறந்து பேசலாம், இன்னிக்கு நாலாவது ரூல் கிடையாது."

பராக்கு சாக்ஸுக்குள் கைவிட்டு ஒரு பென்சிலை உருவினாள். ஃபாரத்தைப் பார்த்தாள், பலகையை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு டீச்சரின் காதோரம் குனிந்து சொன்னாள்:

"கிளாஸுன்னா, நான் மேல கணக்கு கிளாஸ்ல படிக்கிறவ, டீச்சர்... கணக்கு கிளாஸ் பிள்ளைங்க இங்க வரக் கூடாதுன்னு அந்தப் பதினாலுல எங்கயுமே இல்லையே?"