சர்க்கரை ஏறாத எலிகள்

குண்டு எலிகளுக்குச் சர்க்கரை ஏறவில்லை. டெஸ்மண்டுக்கு அதுதான் கவலை.

ஏறக்கூடாது என்பதற்காகத்தான் பாஸ்டனில் அந்த ஆய்வகத்தில் வருடக்கணக்காக மாரடித்துக்கொண்டிருந்தான். கொழுப்புச் செல்லுக்குள் கொழுப்பு அமிலத்தைச் சுமந்து திரியும் புரதம் ஒன்று உண்டு. அந்தச் சுமைதூக்கி இல்லாமல் பிறந்த எலி எவ்வளவு தின்று கொழுத்தாலும் நீரிழிவு வராது என்பது அவன் கட்சி. இப்போது ரத்தச் சர்க்கரை மீட்டர் 140 என்றது. ஒல்லி எலிக்கு இருப்பதுதான்.

நினைத்தது அப்படியே நடந்து அவனுக்குப் பழக்கமில்லை. மீட்டரைச் சந்தேகப்பட்டான்.

சந்தேகம் வந்தால், அளவு தெரிந்த ஒன்றை அளந்து பார்ப்பது ஆய்வக வழக்கம். டெஸ்மண்ட் ஒல்லி. பனி கொட்டினாலும் காலை ஓட்டத்தை விடாதவன். தனக்கு 95 இருக்கும் என்று தன் விரலையே குத்திக்கொண்டான்.

285.

மீட்டரில் செருகும் பட்டையை மாற்றினான். 288. பக்கத்து ஆய்வகத்து நோரீனிடம் வேறு மீட்டர் இரவல் வாங்கினான். 291.

ஆய்வகத் தலைவி பிலிப்பா போனில் வந்தாள். "நாளைக்குக் காலையில கமிட்டி வருது. எண்ணெல்லாம் ரெடியா?"

"மீட்டர் கொஞ்சம் கூடுதலா காட்டுது."

"எவ்வளவு கூடுதல்?"

"மூணு மடங்கு."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "டெஸ்மண்ட், எண் சரியில்லன்னா இந்த ஆராய்ச்சிய இழுத்து மூடிடுவாங்க. எதையாவது பண்ணு."

பண்ணினான். எல்லா எண்களையும் மூன்றால் வகுத்தான். எலிகளின் சர்க்கரை 47-க்கு இறங்கியது. அந்தக் கணக்குப்படி அவை மயங்கிக் கிடக்க வேண்டும். அவையோ சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

எந்த நிமிடமும் சுருண்டுவிடும் என்று பயந்து, சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு கூண்டுகளை நோக்கி ஓடினான். நோரீன் வழியை மறித்தாள்.

"என் மீட்டர் எங்கப்பா?"

"அதுவும் கெட்டுப்போச்சு. வழிய விடு, எலிங்க சாகப்போகுது."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? என்ன பண்ணித் தொலைச்ச?"

"என் விரல்ல 291 காட்டுது."

"கொண்டா இங்க." அவள் தன் விரலைக் குத்தினாள். 91.

"பழைய மீட்டரையும் எடு." அதில் 92.

டெஸ்மண்ட் மறுபடி இரண்டிலும் தன் விரலை வைத்தான். 294. 296.

"பாத்தியா?" என்றான் வெற்றியோடு. "உனக்குன்னா ஒழுங்கா வேலை செய்யுது. எனக்குன்னா மட்டும் தகராறு பண்ணுது. இத நான் கமிட்டிக்கு எப்படி விளக்குவேன்?"

நோரீன் அவன் கையிலிருந்த சர்க்கரைத் தண்ணீரைப் பிடுங்கித் தொட்டியில் ஊற்றினாள்.

"விளக்க ஒண்ணுமில்ல. மீட்டர் சரி, எலி சரி, உன் கண்டுபிடிப்பும் சரி. குளிர் கோட்ட எடுத்து மாட்டு, டாக்டர்கிட்ட போகலாம். சர்க்கரை உனக்குத்தான்."