அன்டனின் யுத்தகாலக் கமிட்டி

"பூவைச் சாப்பிட ஏலுமே, அக்கா? உங்கட பாத்தி சீ கிறேட்."

கனகமணியின் செவ்வந்திப் பாத்திக்கு முன்னால் நின்று அன்டன் கொப்பியில் எழுதினார். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் சமூகத் தோட்டக் கமிட்டிக்கு அவர் தலைவராகி மூன்று கிழமைதான். மனைவி மாக்கிரட் நூலகத்தில் எடுத்துக் கொடுத்த ஒரு புத்தகம் மனிசனைப் பிடித்து ஆட்டியது. உலக யுத்தக் காலத்தில் பிரித்தானியாவில் கமிட்டிக்காரர் பண்ணை பண்ணையாகப் போய் ஏ, பீ, சீ என்று தரம் போட்டார்களாம். சீ எடுத்தவனின் நிலத்தைப் பறித்து வேறு ஆட்களுக்கும் கொடுத்தார்களாம்.

"இப்ப எங்கை தம்பி சண்டை நடக்குது?"

"கடையிலை மரக்கறி விக்கிற விலை சண்டை இல்லையோ? எல்லாரும் உருளைக்கிழங்கு நடுங்கோ."

செவ்வந்தி போய்க் கிழங்கு வந்தது.

"தலைவர் தக்காளி வைச்சிருந்தா ஆர் மதிப்பினம்?" என்றாள் மாக்கிரட்.

நியாயமான கதை. அன்டன் தன் பாத்தியில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முழுக்கக் கிழங்கு நட்டார். வருஷாவருஷம் ஒரு மூலையில் கத்தரி வைக்கக் கேட்டு, "வேணுமெண்டா தனிப் பாத்திக்கு எழுதிப்போடும். ஆனா ஒரு வீட்டுக்கு ஒண்டுதான் தருவினம்" என்று அவரிடம் பேச்சு வாங்குகிற மாக்கிரட், இந்தமுறை கத்தரிக் கதையே எடுக்கவில்லை. அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலையில் கிழங்குச் செடிகளுக்கு வண்டு வந்தது. ஆளாளுக்கு முறை வைத்து வண்டு பொறுக்கவிட்டார். இரண்டாம் நாளே ஒருவரும் வரவில்லை.

"புத்தகத்திலை கோழி வளர்த்திருக்கினம் என்ன?" என்றாள் மாக்கிரட்.

நாலு கோழி வந்தது. கோழிகள் வண்டைத் தொடவில்லை. கிழங்கைக் கிளறி எறிந்தன.

அடுத்த கிழமை நகரசபைப் பெண் பிரெஞ்சில் "பொன்ஜூர்" என்று சிரித்தபடி வந்தாள். கையில் யாரோ எழுதிய முறைப்பாடு. தோட்ட விதிப்படி கோழி கூடாது, பாத்திக்குக் குறைந்தது ஐந்து வகைப் பயிர் வேண்டும். மற்றவர்கள் ஓரத்தில் ஒளித்து வைத்திருந்த வெந்தயமும் வெங்காயமும் கீரையும் மிளகாயும் அவர்களைக் காப்பாற்றின. தலைவரின் பாத்தியில் மட்டும் ஒரே கிழங்கு. அது காத்திருப்புப் பட்டியலில் முதலில் நிற்பவருக்குப் போகும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள்.

ஒன்பது வருஷப் பாத்தி. அன்டன் கடுதாசியை இரண்டுதரம் வாசித்தார்.

"ஆர் அந்த முதல் ஆள்?"

வாசலில் மாக்கிரட் நின்றாள். கையில், பல்கனியில் வளர்த்துப் பூவும் விட்ட கத்தரிக்கன்றுகள்.

"நான்தான். நீங்க சொன்னபடி அப்பவே எழுதிப்போட்டனான். ஒரு வீட்டுக்கு ஒண்டுதானே? பின்னை, சும்மாவே அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தந்தனான்?"