உள்ளங்கை கவிழ்ப்புத் திட்டம்

முழங்கைக்குக் கீழே மனிதனுக்கு இரண்டு எலும்புகள் இருக்கின்றன. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு தன் பாட்டுக்குக் கிடக்கும். கட்டைவிரல் பக்கத்து எலும்பு அதன்மேல் உருண்டு புரளும். இந்தப் புரளலால்தான் நம் உள்ளங்கை ஒரு சமயம் மேலேயும் ஒரு சமயம் கீழேயும் பார்க்கிறது. இவ்வளவு முக்கியமான சங்கதியை எங்கள் ஊர்க் கட்டட அனுமதி அலுவலகம் வெகுகாலம் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தது. அதற்குக் காரணம் என் தங்கை வீட்டுக்காரர்.

அந்த அலுவலகத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேனா, பசை, கவர் எல்லாம் கிடைக்கும். மாப்பிள்ளை உள்ளே மூன்றாம் மேசை குமாஸ்தா. பேராசைக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மற்ற மேசைகளுக்கு என்ன வழக்கமோ அதுதான் அவருக்கும். அங்கே கேமரா மாட்டிய நாளிலிருந்து மேசைக்கு மேலே படு சுத்தம். மனுக்காரர் மனுவை மேலே நீட்டுவார். கீழே ஓர் உள்ளங்கை மேலே பார்த்தபடி காத்திருக்கும், அதில் கவரை வைப்பார். இரண்டு தரப்பும் அந்த நேரத்தில் மின்விசிறியைப் பற்றி ஏதாவது பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் பெரிய அதிகாரியின் அறை வாசலைத் துடைத்துவிட்டிருந்தார்கள். 'ஈரத்தரை, கவனம்' என்று ஒரு பலகை உண்டு. யாராவது தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை வழுக்கினார். விழுகிறவன் கையை ஊன்றத்தான் செய்வான். மொத்த பாரமும் வலது கையில் இறங்கி, முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்துபோயின.

மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, கை மட்டும் திரும்பவில்லை. உள்ளங்கை தரையைப் பார்க்கும், கஷ்டப்பட்டால் சுவரைப் பார்க்கும், கூரையைப் பார்க்கவே பார்க்காது. தண்ணீர் அள்ளி முகம் கழுவ முடியவில்லை. ஸ்பூன் வாய்க்கு வருவதற்குள் கவிழ்ந்தது. அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பிறந்து சில வாரங்களே ஆன மகளை ஏந்த முடியாததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தங்கை குழந்தையை நீட்டுவாள், இவர் கை கவிழ்ந்தபடி நடுவில் நிற்கும்.

"தினமும் காலையில வாங்க, கொஞ்சம் கொஞ்சமா திருப்பிப் பழக்கலாம்" என்றார் பிசியோதெரபி அம்மா. "தள்ளிப் போட்டீங்கன்னா இப்படியே இறுகிடும். அப்புறம் நான் மல்லுக்கட்டியும் பிரயோஜனம் இல்ல."

இதற்குள் மூன்றாம் மேசையில் ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் மனுக்காரர்கள் கீழே நீட்டிய கவர்கள் புறங்கையில் பட்டுத் தரையில் விழுந்தன. குனிந்து எடுத்தால் கேமராவில் தெரியும். இடது கையில் வாங்கலாமே என்றால், அது மரியாதை இல்லை. கவரைக் கொண்டுவந்தவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். நிறுத்தி வைக்கக் காரணம் இல்லாததால் மனுக்கள் தாமாக நகர்ந்தன. செய்தி தலைமை அலுவலகத்துக்கு எட்டியதும் ஒரு குழு பதறிக்கொண்டு வந்தது.

குழு மாப்பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்து, தீர ஆராய்ந்து, அறிக்கை கொடுத்தது. நேர்மை என்பது இதுகாறும் கருதப்பட்டதுபோல் மனத்தில் இல்லை, கட்டைவிரல் பக்கத்து எலும்பு புரளாதிருத்தலில் உள்ளது என்பது அதன் முடிவு. அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. பணியாளர் அனைவரும் அலுவல் நேரத்தில் வலது முன்கையை, உள்ளங்கை கீழ்நோக்கிய நிலையில், மட்டை வைத்துக் கட்டி, கழுத்திலிருந்து துணித்தொட்டிலில் தொங்கவிட வேண்டியது. இடது கை பற்றி விளக்கம் கேட்டவருக்கு, கண்ணியமான ஊழியர் எவரும் அதை நீட்டமாட்டார் எனத் துறை உறுதியாக நம்புவதாகப் பதில் வந்தது. இயற்கையிலேயே நேர்மையாளர் என்பதால் மாப்பிள்ளைக்கு மட்டும் கட்டிலிருந்து விலக்கு. அவர் கையைப் படமெடுத்து நடைகூடத்தில் மாட்டினார்கள்.

அந்தப் படத்தைத் தாண்டித்தான் அவர் லீவு கேட்கப் போனார்.

"எதுக்கு லீவு?" என்றார் பெரிய அதிகாரி.

"கைக்கு வைத்தியம் சார். திரும்ப மாட்டேங்குது."

"எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம் சார்."

அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார். "மேல் பக்கம் திருப்பி என்ன பண்ணப் போறீங்க?"

"குழந்தையத் தூக்கணும் சார்."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. இன்னிக்குக் குழந்தை. நாளைக்கு?"

"முகம் கழுவணும் சார்."

"வீட்டுக்காரம்மாவைக் கழுவிவிடச் சொல்லுங்க. இந்தக் கையை நம்பித் திட்டமே போட்டாச்சு. அது இப்ப உங்க கை இல்ல, துறையோட கை. அதைக் குணப்படுத்துறது ஊழலுக்கு உடந்தை. எழுத்துல தரட்டுமா?"

வெளியே தொட்டில் ஒரு நாகரிகமாகிவிட்டது. புடவைக்குப் பொருத்தமான நிறத்தில் வந்தது, கரை வைத்து வந்தது. எலும்பு முறியாத பள்ளிக்கூட வாத்தியார்களும் வங்கிக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். பெண் கொடுக்க வந்த ஒரு வீட்டார், "பையனுக்குக் கை எப்படி?" என்று விசாரித்தார்களாம். நானும் தொட்டில் விற்றேன். விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான்.

தொட்டிலின் உண்மையான பயனைக் கண்டுபிடித்தவர் ஒரு கட்டட மேஸ்திரி. முழங்கை உட்காரும் மூலையில் துணி பைபோலத் தொங்கும். மனுவை நீட்டுகிற சாக்கில் அவர் ஒரு கவரைப் பெரிய அதிகாரியின் தொட்டில் மூலையில் நழுவவிட்டார். அதிகாரி கூரையைப் பார்த்தார். எந்தக் கையும் நீளவில்லை, எந்த எலும்பும் புரளவில்லை, சுற்றறிக்கையின் ஒரு வரிகூட மீறப்படவில்லை. அன்று முதல் மூலை ஆழமான தொட்டில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

தங்கை குழந்தையோடு கடைக்கு வந்தாள். "அண்ணே, பிசியோதெரபி அம்மா கை விரிச்சுட்டாங்க. இந்த மாசத்த விட்டா கை அவ்வளவுதானாம்."

"மனு குடுத்துக்கிட்டுத்தானே இருக்கார்?"

"மனு மட்டுந்தான் குடுக்கறார்."

நான் ஒரு கவரை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மாப்பிள்ளை பெரிய அதிகாரியின் தொட்டிலுக்கு நேர் மேலே கையைக் கொண்டுபோய் விரல்களைத் திறந்தார். கொடுப்பதற்கு அந்தக் கை கச்சிதமாக இருந்தது, துளியும் திருப்ப வேண்டியிருக்கவில்லை. 'துறைச் சொத்துப் பராமரிப்பு' என்ற இனத்தில் லீவு அன்றைக்கே கிடைத்தது.

பிசியோதெரபி அம்மா விடவில்லை. மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கத்துவார், அந்தம்மா பாட்டுக்குத் திருப்பிக்கொண்டே இருப்பார். ஒருநாள் உள்ளங்கை முழுசாகக் கூரையைப் பார்த்தது. நேரே என் கடைக்கு வந்தார்கள். தங்கை குழந்தையை அவர் கையில் வைத்தாள். மாப்பிள்ளை அழுதார், நானும் அழுதேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் வேலைக்குத் திரும்பிய வாரம் குழு மறுபடி வந்தது. வரிசையாக எல்லோர் கையையும் பார்த்தது. எல்லாம் கவிழ்ந்திருந்தன, மூன்றாம் மேசையில் ஒன்றைத் தவிர. ஊழல் அடியோடு ஒழிந்தது, மீந்திருந்த ஒரே நபரும் பிடிபட்டார் என்று அறிக்கை போனது. மாப்பிள்ளையைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி, உள்ளங்கை மேலே பார்ப்பதற்குத் தக்க விளக்கம் கேட்டார்கள்.

"இப்ப என்ன மச்சான் பண்றது?" என்று கடைக்கு வந்து நின்றார். குழந்தை அவர் கையில்தான் இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்ன அநியாயம் இது? கேக்க ஆளே இல்லையா? கோர்ட்டுக்குப் போவோம், பேப்பர்ல எழுதுவோம்" என்று கத்தினேன். கடையில் கவர் வாங்க நின்றவர்கள் எல்லோரும் "ஆமா, விடக்கூடாது" என்றார்கள். கத்தி முடித்துப் பார்த்தால் என் கை பெரிய கவர்க் கட்டின்மேல் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்திலேயே அவர்கள் கைகளும் கிடந்தன. எங்கள் கைகளைப் பரிசோதிக்க இதுவரை எந்தக் குழுவும் வந்ததில்லை.