ஏழு நாக்கும் ஒரு மொட்டையும்

எங்கள் மாமனார் ஊரில் வருடா வருடம் ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில், ஊர் மாப்பிள்ளைகள் எல்லாரும் ஊருணிக்கரையில் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். இந்த வருடம் பதிமூன்று பேர். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர், கத்தி மண்டையில் ஏறும்போது, "எந்தக் களவாணிப் பயடா இத ஆரம்பிச்சு வச்சது?" என்று பல்லைக் கடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும், "அவன் மட்டும் கையில கெடைச்சான்னா..." என்று அவரைவிடச் சத்தமாகக் கடித்தேன்.

ஆரம்பித்து வைத்தது நான்தான். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். திருச்சுழிக்குப் போகிற வழியில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். (பதிமூன்று பேரில் இரண்டு பேர் போலீஸ்.)

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு வயது இருபத்தெட்டு. சொத்து என்று சொல்லிக்கொள்ள இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று, பாளையம்பட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடை. இன்னொன்று, தலைமுடி. கடையில் பாதி பார்ட்னருடையது, முடி முழுக்க என்னுடையது. காலையில் கண்ணாடி முன்னால் அதற்கு இருபது நிமிடம் ஒதுக்குவேன். ஈஸ்வரிக்கும் எனக்கும் நிச்சயம் நடந்த அன்று அவள் சிநேகிதி ஒருத்தி, "மாப்ளைக்கு முடி நல்லாருக்குடி" என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அரை மணி நேரம்.

கல்யாணம் ஆவணியில், ஆடிக் கடைசி வெள்ளியில் வரும் ஊர்க் கோயில் பொங்கல் முடிந்த பதினைந்தாம் நாள். ஈஸ்வரி அப்போது பாலவனத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் அப்பா வேலுச்சாமி மாமாதான் ஊர்க் கோயிலுக்குப் பெரியதனம். ஆனி மாதம் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, பொங்கப் பத்திரிகைல தல வரலாறு போடணும். பக்கத்து ஊர்க்காரய்ங்க நாலு பக்கத்துக்குப் போட்டுருக்காய்ங்க."

"நம்ம சாமிக்கு வரலாறு என்ன மாமா?"

"அதத்தான உங்ககிட்டக் கேக்க வந்துருக்கேன். கம்ப்யூட்டரு உங்ககிட்டதான இருக்கு?"

சாமிக்குப் பெயர் ஊருணிக்கரையான். கரைமேல் ஒரு கல், பக்கத்தில் மண்குதிரை ஒன்று, அவ்வளவுதான். ஊரில் விசாரித்தால் ஒருவர் மேற்கே இருந்து வேட்டைக்கு வந்தவர் என்றார். இன்னொருவர் வெள்ளத்தில் மிதந்து வந்தார் என்றார். (எங்கள் பக்கம் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுகிற ஊர். வெள்ளம் எங்கிருந்து வந்ததோ.) 'தெரியவில்லை மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளைக்கு அந்த வார்த்தை வாயில் வராது. "ரெண்டு நாள்ல குடுத்துர்றேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அருப்புக்கோட்டை நூலகத்தில் அந்தப் புத்தகம் கையில் சிக்கியது. உலகத்து நாடோடிக் கதைகள். அட்டையும் இல்லை, முதல் பத்துப் பக்கமும் இல்லை. நடுவில் ஏதோ ஒரு குளிர் தேசத்துக் கதை. ஏழு தலை நாகம் ஒன்று ஊரின் ஒரே சுனையை அடைத்துக்கொண்டு, தண்ணீர் விட வருடத்துக்கு ஒரு பெண்ணைக் கேட்கிறது. ராஜா மகளின் முறை வருகிறபோது ஒரு வழிப்போக்கன் குதிரையில் வந்து நாகத்தைக் கொன்று, ஏழு நாக்கையும் அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கப் போகிறான். அந்த நேரம் பார்த்து மந்திரி, ஏழு தலையையும் தூக்கிக்கொண்டு போய், 'நான்தான் கொன்றேன், பெண்ணைக் கொடு' என்கிறான். கல்யாணப் பந்தலில் வழிப்போக்கன் வந்து, 'தலை இருக்கிறதே, நாக்கு எங்கே?' என்று கேட்டுப் பையைத் திறக்கிறான். கதை முடிகிற இடத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் 'சூப்பர்!' என்று எழுதியிருந்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தண்ணீர்ப் பஞ்சம், குதிரை, சாமி, எல்லாம் மாமா ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அன்றே வேலையை முடித்தேன். சுனையை ஊருணியாக்கினேன். ராஜாவை ஜமீனாக்கினேன். மந்திரியைப் பக்கத்து ஊர்க்காரனாக்கினேன். (மாமாவுக்குப் பிடிக்கும் என்று தெரியும்.) வழிப்போக்கன் தின்ற ரொட்டி, கம்பங்கூழும் மோர்மிளகாயும் ஆனது. எல்லாவற்றையும் மாற்றினவன் ஒன்றே ஒன்றை மறந்துவிட்டேன். அவன் போர்த்தியிருந்த கம்பளி அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒரு நல்ல குடிமகனாகப் புத்தகத்தைத் தேதி தவறாமல் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். குத்தின கத்தியைக் கழுவாமல் ஸ்டேஷன் வாசலில் வைத்துவிட்டு வந்த கதைதான்.

மாமா வாசித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "எங்க புடிச்சீக மாப்ள இத?"

"மதுரைல ஒருத்தர்கிட்டப் பழைய ஓலைச்சுவடி இருந்துச்சு மாமா."

இந்தப் பொய்யை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. அதுவாக வந்தது. ஊர்க் கூட்டத்தில் பத்திரிகையை வாசித்தபோது இரண்டு பெருசுகள் எழுந்து, "எங்க அய்யா இதத்தான் சொல்லுவாக, அச்சு அசலா இதேதான்" என்றார்களாம். ஒருவர் நாகத்தின் தலை விழுந்த இடத்தைக்கூடக் காட்டினாராம். ஈஸ்வரி மட்டும் போனில், "எங்க ஊரு வெயிலுக்கு எங்க சாமி எதுக்குங்க கம்பளி போத்திக்கிட்டு வந்தாரு?" என்று கேட்டாள். "அந்தக் காலத்துல குளிரு ஜாஸ்தி" என்றேன். "ம்ம்" என்றாள். அந்த 'ம்ம்'முக்கு நான் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்க வேண்டும்.

பொங்கல் அன்று, தோளில் சரிகைத் துண்டு போட்டு என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். கல்சாமிக்குப் புதுக் கம்பளி போர்த்தியிருந்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. இருந்தாலும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். பக்கத்து ஊர்க்காரன் மாட்டுகிற இடத்தில் விசில் பறந்தது. முடித்துவிட்டு முடியை ஒருமுறை கோதிக்கொண்டு நிமிர்ந்தால், ஈஸ்வரி ஒரு துணிப்பையோடு அவள் அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"அப்பா, கடைசி ஓலைய வாசிக்காம விட்டுட்டாகளே. அதுலதான முக்கியமான விசயம் இருக்கு? எங்கிட்டப் போன்ல சொன்னாக."

"என்னம்மா அது?"

"நாகத்தக் கொன்ன பெறகு சாமி ஊருணில முங்கி, தலமுடிய எறக்கி வச்சிட்டுத்தான் பொண்ணக் கட்டுனாராம். அதுனால இந்த ஊருல பொண்ணெடுக்குற மாப்ளைக எல்லாரும் ஆடி வெள்ளிக்கு முடி எறக்கணுமாம். அப்பத்தான் மழை பேயுமாம்."

"அப்படியெல்லாம் ஒண்ணும்..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் துணிப்பையைக் கொஞ்சமாகத் திறந்தாள். உள்ளே அட்டை இல்லாத ஒரு புத்தகம். நூலக முத்திரை பளிச்சென்று தெரிந்தது.

"நான் தப்பாச் சொல்லிட்டனா? நீங்களே சொல்லுங்க. இல்லாட்டி அந்த ஓலையவே எல்லாருக்கும் காட்டிருவமா?"

மாமா முகம் எனக்கு நேரே இருந்தது. அவ்வளவு நம்பிக்கையாக அதற்கு முன் யாரும் என்னைப் பார்த்ததில்லை. மறுத்தால் பொய் அவிழும், கல்யாணமும் நிற்கும். ஒத்துக்கொண்டால் முடி போகும். "இல்ல... சரிதான்... நான்தான் மறந்துட்டேன்" என்றேன். மைக் ஆனில் இருந்ததால் நாலு ஊருக்குக் கேட்டது.

கரையில் ஏற்கனவே குழந்தைகளுக்கு முதல் மொட்டை நடந்துகொண்டிருந்தது. ஆறு குழந்தைகளுக்குப் பின்னால் ஏழாவதாக நான். என் முறை வந்தபோது ஒரு பெரியவர் நியாயம் கேட்டார். "இந்தக் கோயில்ல மாப்ளைக்கு இதான மொத மொட்டை? மொத மொட்டைன்னா தாய்மாமன் மடில உக்காரணும்ல?"

என்னோடு வந்திருந்த தாய்மாமன் கண்ணுச்சாமி ஐம்பது கிலோ இருப்பார். நான் எழுபத்தாறு. "ஏலே மருமகனே, பூராத்தையும் எறக்கிராத, பாதி வெயிட்ட கால்லயே வச்சுக்க" என்று காதில் கெஞ்சினார். முடி எடுப்பவர், "தலைய ஆட்டாதீக தம்பி, கத்தி பட்டுரும்" என்றார். ஆட்டியது நான் இல்லை, கீழே கண்ணுச்சாமி மாமாவின் தொடை. முதல் கொத்து மடியில் விழுந்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வரிசையில் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்த மாதிரி என் கையிலும் யாரோ ஒரு தேன்மிட்டாயைத் திணித்தார்கள். தின்றேன்.

சந்தனம் பூசிய மண்டையோடு ஈஸ்வரியைத் தேடிப் போனேன்.

"ஏன் இப்படிப் பண்ணுன?"

"பென்சில்ல சூப்பர்னு எழுதுனது யாருன்னு நெனச்சீக? அந்தப் புத்தகத்த நாலு தடவ எடுத்து வாசிச்சவ நான்."

அவள் சிரிக்கவில்லை.

"எங்கப்பாவ ஏமாத்துனீக. அதக்கூட விடுங்க. எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல? கம்பளி பத்திக் கேட்டப்பவாவது சொல்வீகன்னு பாத்தேன்."

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. "கல்யாணத்த நிறுத்திருவியா?" என்று கேட்டேன்.

என் தலையைச் சுற்றி வந்து பார்த்தாள். "முடி இருக்குறவரைக்கும் யோசன இருந்துச்சு. இப்ப பாத்தா பொய் சொல்ற மூஞ்சி மாதிரித் தெரியல. இனி எங்கிட்ட ஒண்ண மறைச்சீக, புருவத்துக்கும் ஓலை இருக்கும்."

இதோடு போயிருந்தால் ஊர் மறந்திருக்கும். அன்று சாயந்திரம் ஐந்து நிமிடம் மழை பெய்தது. சும்மா புழுதி அடங்குகிற அளவுக்குத்தான். ஆனால் ஊரே என் மண்டையைத் தொட்டுக் கும்பிட்டது. மறுவருடத்திலிருந்து எல்லா மாப்பிள்ளைகளுக்கும் அது கட்டாயம். எங்கள் கல்யாண ஆல்பத்தில் தலைப்பாகை இல்லாத படங்களில் எல்லாம் பிளாஷ் வெளிச்சம் என் தலையில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். கண்ணுச்சாமி மாமா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முதலில் தொடையைத் தடவிக்கொள்வார்.

இந்த வருடப் பொங்கல் முடிந்த மறுவாரம், மாமா காலை முதல் பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாப்ள, மோசம் போயிட்டோம். இதப் பாருங்க."

செல்போனில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன். ஏழு தலை நாகம், சுனை, குதிரையில் ஒருவன், தோளில் கம்பளி. எனக்குக் காப்பி புரையேறியது.

"வெள்ளக்காரப் பய நம்ம சாமி கதையச் சுட்டுட்டான்! கம்பளியக்கூட மாத்தல பாருங்க, என்னா நெஞ்சழுத்தம்!"

அடுப்படியிலிருந்து ஈஸ்வரி வந்தாள். "முழுசும் பாத்தீகளாப்பா? கடைசில மொட்டை வருதா?"

மாமா படத்தை முடிவு வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தவர், பட்டென்று தொடையில் தட்டினார்.

"சிக்கிட்டான்! அன்னைக்குத் தலையத் தூக்குனவன் நாக்க விட்டான். இன்னைக்குக் கதையத் தூக்குனவன் மொட்டைய விட்டுட்டான். அசலு நம்மகிட்டதான இருக்கு! மாப்ள, கலெக்டருக்கு ஒரு மனு எழுதுங்க."

ஈஸ்வரி ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எழுதுங்க. சூப்பரா எழுதுவீகல்ல?" என்றாள்.

நான் பென்சிலை எடுப்பதற்குள் மாமா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். மனுவோடு இணைக்க ஆதாரம் வேண்டும் என்று என் மண்டையை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.