ரோட்ரோலரின் இடி ஆட்டம்

தாம்பரத்துக்குத் தெற்கே அவளைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் ஜி.எஸ்.டி. ரோடுதான். அதுவும் அவள் வருகிற பக்கம் பள்ளமாகிப் பதுங்கிக்கொள்ளும். பொத்தேரி லேடீஸ் ஹாஸ்டலில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் ரோட்ரோலர். ஆளென்னவோ ஊதினால் துப்பட்டாவோடு பறந்துவிடுகிற உடம்பு.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்தில் அவள் வீட்டு மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரி ஊர் திரும்பும்போது ஒரு மூட்டை ஸ்கேட்டிங் ஷூவையும், ரோலர் டெர்பி என்றொரு ஆட்டத்தையும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். இவள் அதை எங்கள் தலையில் கட்டினாள்.

எனக்கோ படியில் இறங்கவே பயம். ராட்டினத்தைப் பார்த்தாலே பத்தடி தள்ளி நின்றுகொள்வேன்.

"இதுல இன்னாடி பயம்? டீமுக்கு அஞ்சு பேரு. நாலு பேரு செவுரு மாதிரி நிப்பாங்க. ஒருத்தி ஹெல்மெட்ல நட்சத்திரம் ஒட்டிகினு அந்தச் செவுத்த தாண்டி ஓடணும். அவதான் ஜாமர். மொத தபா தாண்டனா பாயிண்ட் கெடையாது. சுத்தி வந்து மறுபடி தாண்டறப்போ, எதிர் டீம்ல எத்தினி பேரத் தாண்டறியோ அத்தினி பாயிண்ட்."

"அவங்க சும்மா விடுவாங்களா?"

"இன்னாத்துக்கு வுடணும்? தோளால இடிப்பாங்க, இடுப்பால இடிப்பாங்க. ஆனா முழங்கையால குத்தக்கூடாது, முதுகுல தள்ளக்கூடாது, தலையில இடிக்கக்கூடாது, கால வுட்டுத் தடுக்கக்கூடாது. மீறினா ஒரு நிமிஷம் வெளிய ஸ்டூல்ல ஒக்காரணும்."

"நான் இப்பவே போயி ஒக்காந்துக்கிறேனே!"

"ஒக்காரு, ஒக்காரு. நீதான் ஜாமர்."

மதுராந்தகத்தில் ஒரு தோழி வீட்டு ரைஸ்மில்லின் சிமெண்டுக் களம்தான் எங்கள் மைதானம். வளைவை ஒட்டி நெல் ஊறும் தொட்டி. ஆவியும் நாற்றமுமாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். முழங்காலுக்குத் தலையணைப் பஞ்சு, தலைக்கு அண்ணன்மார்களின் பைக் ஹெல்மெட்.

முதல் நாளே ஆட்டம் நின்றுபோனது. யார் மேலாவது கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வளர்ப்பு எங்களுக்கு. சக்கரம் சக்கரத்தில் இடித்ததோ இல்லையோ, ஒருத்தி குனிந்தாள். அவள்மேல் இன்னொருத்தி விழுந்தாள். விழுந்தவள் எழாமலே மூன்றாமவளைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"அடியே, இங்க இன்னா திருவிழாவா நடக்குது?" என்று கத்தினாள் ரோட்ரோலர். "கும்புடறதெல்லாம் விசிலுக்கு அப்புறம் மொத்தமா கும்புடுங்க!"

சங்கதி வார்டன் காதுக்குப் போனது. ஒரே ஒரு ஆட்டத்தை நேரில் பார்ப்பதாகச் சொன்னார். "ஒரு சொட்டு ரத்தம் கண்ணுல பட்டுச்சு, உன்னையும் உன் மூட்டையையும் மாமல்லபுரம் பஸ்ஸுல ஏத்திடுவேன்." வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனால் படிப்பு அதோடு சரி. அன்றிலிருந்து என் பயத்துக்கு இரண்டு பேர் கனம்.

ஆட்டத்தன்று வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விசில். கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தேன், எப்படியோ தாண்டிவிட்டேன். சுற்றி வரும்போது, தொட்டி ஓரத்தில் எதிர்ச் சுவரின் கடைசிச் செங்கல்லாக ரோட்ரோலரே நின்றாள். இடித்தாள். அவள் கால் என் காலில் பட்டது.

அப்போது அவள், எங்களைத் திட்டித் தீர்த்த அதே மகராசி, இடித்த வேகத்திலேயே குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அடுத்த நொடி முகம் குப்புறக் களத்தில் கிடந்தாள்.

எழுந்தவளின் பல்லிடுக்கில் சிவப்பு. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. சட்டென்று உதட்டை மூடிக்கொண்டாள். வார்டன் வந்து நின்றார்.

"அடி பட்டுச்சா?"

மூடிய வாயோடு இல்லையென்று தலையாட்டிச் சிரித்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

வார்டன் அவளையே பார்த்தார். "விழற நேரத்துலயும் தொட்டுக் கும்பிட்டா பாரு! இடிச்சாலும் மரியாதையாதான்டி இடிக்கிறீங்க. ஆடித் தொலைங்க."

திரும்பும் பஸ்ஸில் அவள் உதடு கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. "பயந்துட்டியாடி?" என்று கொழகொழத்துக் கேட்டுவிட்டு, என் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

பொத்தேரி வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் அவள் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன்.