கண்ணால் கண்ட டோபயஸ்

துறைமுகத்தில் எலிக்கு அடுத்தபடியாக அதிகம் பெருகுகிற பிராணி எது தெரியுமா? 'நேரில் பார்த்தவர்.'

சண்டை முடிந்து, மூக்கு உடைந்தவன் அதைத் துடைத்துக்கொண்டு, திருடியவன் அடுத்த தெருவுக்குத் திருடப் போய், போலீஸ்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்த பிறகுதான் இவர் வருவார். வந்ததும் முதல் வார்த்தை: "நான் இங்கதான் நின்னேன்." நின்றிருக்கவே மாட்டார்.

ஹாலிஃபாக்ஸ் கப்பல்துறையில் இந்த இனத்துக்கே தலைவர், கப்பல் பாய் தைக்கிற டோபயஸ் கிரீலி. எந்த மாலுமியின் பூட்ஸ் களவு போனாலும் திருடனின் மச்சம் வரைக்கும் சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் 'மூன்று நங்கூரம்' சாராயக்கடையில் மாலுமிகள் கைகலந்தார்கள். யாரோ எறிந்த பாட்டில் ஜன்னலை உடைத்தது. எல்லாரும் ஓட்டம். வாசலில் சிப்பி விற்ற பெக் லானிகன் மட்டும் போலீஸிடம் மாட்டிக்கொண்டாள்; பாட்டில் எறிந்ததாக வழக்கு. கூடையை விட்டுவிட்டு எப்படி ஓடுவாள்? சிறைக்குப் போனால் முப்பது நாள். அவளுடைய இரண்டு குழந்தைகளும் அநாதை விடுதிக்குப் போகவேண்டியதுதான்.

டோபயஸ் அப்போது எங்கே? இரண்டு தெரு தள்ளி, வீட்டில், வெந்நீரில் கால் ஊறவைத்துக்கொண்டிருந்தார். அதனாலென்ன? திங்கட்கிழமை கோர்ட்டில் முதல் சாட்சி அவர்தான்.

"இவதான் எறிஞ்சா, எசமான். பச்சை பாட்டில். இடது கை."

"எவ்வளவு தூரத்துலேர்ந்து பாத்தீர்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தூரமா? அவ மூச்சு என் கழுத்துல பட்டுச்சு எசமான்!"

பெக் ஒரு நொடி யோசித்தாள். ஒரு நொடிதான்.

"வாஸ்தவம் எசமான்! இந்த மனுசன் என் பக்கத்துலதான் நின்னாரு. எறிஞ்சதே இவருதான்! வேணாம்யா, வேணாம்யான்னு நான்தான் கையைப் புடிச்சேன்!"

"என்ன டோபயஸ், அங்கே இருந்தீரா, இல்லையா?"

வீட்டில் இருந்தேன் எசமான். மூன்றே வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தார். பின்வரிசையில் கப்பல்துறையே உட்கார்ந்திருந்தது. மூடினார். திரும்பியபோது, கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்த பெக்கின் கை தெரிந்தது. வாய்தான் சவடால், கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக டோபயஸ் ஒன்றை நேரில் பார்த்தார்.

"இருந்தேன் எசமான். எறிஞ்சது... நான்தான்."

தானே ஒப்புக்கொண்டதால் டோபயஸுக்குப் பத்து நாள் சிறைதான். பெக் அப்போதே வீட்டுக்குப் போனாள்.

அன்று கோர்ட்டில் இருந்தவர்கள் முப்பது பேர். நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் இதுவரை நானூறு. நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். சரி. நாளைக்கு இந்தக் கதையை யாரிடமாவது சொல்லும்போது, "நான் மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன்" என்று ஆரம்பிக்காமல் சொல்லிப் பாருங்கள்.