பெரட்டுக்கு வராத அண்ணனுக்கு

திகாம் பத்து,
செவ்வாய்க்கிழமை.

கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் வீற்றிருக்கும் அண்ணன் சுகுமாரன் அவர்களுக்குத் தங்கை தேவகி வணங்கி எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். தாங்கள் நலம் என்பதை முகநூல் படங்களில் கண்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள், ஆகவே கடிதம்.

மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களின் மன அமைதிக்கென்று என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றிவிட்டுக் கார் ஏறினீர்களே, அதைப் பற்றித்தான் புகார். முதலில் ஒரு மணி அடிக்கிறது. பிறகு ஒரு பெண், ஒரு சட்டிகூடக் கழுவியறியாத குரலில், "கண்களை மூடுங்கள், எண்ணங்கள் மேகங்களைப் போல் கடந்து போகட்டும்" என்கிறாள். மூடினேன். எண்ணம் கடந்ததோ இல்லையோ, அப்பா கேட்டைக் கடந்துவிட்டார். பின்னாலேயே ஓடினால், நடுரோட்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, "மணி அடிச்சாச்சு! பெரட்டுக்கு ஒருத்தனையும் காணோம்!" என்று ஒரே சத்தம். ரப்பர் தோட்டத்தில் கங்காணி மண்டோராக ஆள் கணக்கெடுத்தவருக்கு மணி என்றால் விடியலில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டு மணிதானே, மேகமா தெரியும்? காயப்போட்ட துணியை எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பிரேமாவதி அக்கா, "இருக்கேன் மண்டோரய்யா!" என்று குரல் கொடுத்தார்.

"ஏன் லேட்டு?"

"பஸ்ஸு வரல லா, ஐயா."

"இந்தா இருக்கற லயத்து வீட்டுலேருந்து வர்றதுக்கு எதுக்கு பஸ்ஸு? பொய்யி! போயி புல்ல வெட்டு!"

லாரி ஓட்டும் காளிதாசன் அண்ணனும் கைலியோடு வந்து வரிசையில் நின்றார். அன்றிலிருந்து மாலையில் செயலியில் மணி அடித்தால் தெருவே கூடுகிறது. எத்தனை மனுப் போட்டும் யாரும் எட்டிப் பார்க்காத சாக்கடையை அப்பா ஒரே மாலையில் அள்ள வைத்துவிட்டார். தோட்டத்தை விற்று வீடு கட்டியவர்கள் இவரை மறந்தார்கள். மறதி நோய் என்று டாக்டர் எழுதியதோ இவருக்கு.

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் தெரியுமா? எல்லார் பெயரும் வாயில் வருகிறது, என் பெயர் வருவதில்லை. நான் "புது ஆளு". சோறு ஊட்டும் புது ஆள், குளிப்பாட்டும் புது ஆள். உங்களைத்தான் தினமும் பெரட்டில் "சுகுமாரன்!" என்று கூப்பிடுகிறார். பதில் வராதபோதும் கோபமில்லை, "வந்துருவான்" என்கிறார். மகன் என்றால் வராவிட்டாலும் வந்த கணக்கு. மகள் மூச்சை இழுத்து விட வேண்டும். தொழிற்சாலையில் கக்கூஸுக்குப் போகவே அட்டை தட்டுகிற எனக்கு, மூச்சு விடப் பாடம்!

ஞாயிற்றுக்கிழமை செமிலிங்கில் என்னோடு வேலை செய்யும் ஷரோனுக்குக் கல்யாணம். நான் மணத்தோழி. நீங்கள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே ஆகவேண்டும். மீட்டிங், ஜாம், கார் சர்வீஸ் எதுவும் சொல்லக் கூடாது. வராவிட்டால் செயலியை அழிப்பேன், உங்கள் எண்ணையும் அழிப்பேன்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாரியம்மன் தங்களுக்கு நல்ல புத்தியையும் வடக்கே வரும் வழியையும் காட்டுவாளாக.

இப்படிக்கு,
புது ஆள்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வரவே வேண்டாம். கடிதத்தை மடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. காளிதாசன் அண்ணன், "ஐயா, ஞாயித்துக்கெழம கல்யாணம், லீவு வேணும்" என்றார். "லீவு எதுக்கு? எல்லாரும் வரிசையா போவோம்!" என்று அப்பாவின் உத்தரவாகிவிட்டது, வேனும் பேசியாயிற்று. பிறகு உங்கள் பெயரைக் கூப்பிட்டார். வழக்கம்போல் பதில் இல்லை. "அவன் பேர வெட்டு. அந்த எடத்துல தேவகியப் போடு" என்றார். யாரையோ சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். "காது கேக்கலையா புள்ள?" என்று அதட்டினார். "இருக்கேன்பா!" என்று நான் கத்தியதில் பிரேமாவதி அக்காவின் கோழிகள் கூரை ஏறிவிட்டன. செயலி இருக்கட்டும். வந்தால் வாருங்கள், அண்ணே. ஆனால் இப்போது நீங்கள்தான் புது ஆள். வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும்.